கூப்பர் பிளாக்கும் சுங்குடிக் கடை போர்டும்

தம்பி, நீங்கள் கேட்டது ஒரு கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. மதுரை விளக்குத்தூண் பக்கம் இருக்கும் உங்கள் குடும்பத்துச் சுங்குடிச் சேலைக் கடைக்குக் கே.கே. நகரில் கிளை திறக்கிறீர்கள். கடையின் ஆங்கிலப் பெயரை டிசைனர் கூப்பர் பிளாக் எழுத்தில் போட்டுக் காட்டியிருக்கிறார். தங்கைக்குப் பிடித்துவிட்டது, மாமா "பழைய காலத்து எழுத்து, வேண்டாம்" என்கிறார். இந்த எழுத்தின் குணம் என்ன, போர்டு முதல் விலைச்சீட்டு வரை இதையே போடலாமா, கூட வரும் தமிழுக்கு எந்த எழுத்தை வைப்பது என்று கேட்கிறீர்கள். மூன்றாவதுதான் முக்கியமான கேள்வி. அதை ஒழுங்காகப் பார்த்தால் மற்ற இரண்டும் தெளிந்துவிடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர்டுக்கும் பைக்கும் கூப்பர் பிளாக் நல்ல எழுத்து, தாராளமாகப் போடுங்கள். ஆனால் டிசைனர் ஆங்கிலத்தில் தொடங்கியது சரியில்லை. தமிழ்ப் பெயரை முதலில் எழுதி முடித்து, அது நிற்கிற நிலையைப் பார்த்து ஆங்கிலத்தை அதன் கீழே உட்கார வைக்க வேண்டும். ஏன் என்று கீழே விளக்குகிறேன்.

இந்த எழுத்தை வரைந்தவர் சிகாகோவில் இருந்த ஆஸ்வால்ட் புரூஸ் கூப்பர். 1879இல் பிறந்து 1940இல் காலமானவர். விளம்பரங்களுக்குக் கையால் எழுத்து வரைந்து கொடுப்பதுதான் அவர் தொழில். 1904இல் ஃபிரெட் பெர்ட்ச் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து அதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற எழுத்து வார்ப்பாலைக்காக முதலில் மெலிந்த கூப்பர் ஓல்டுஸ்டைலை வரைந்தார். அதன் பிறகு 1922இல் வெளிவந்தது கூப்பர் பிளாக். விளம்பரக்காரர்கள் அதை விட்டுவைக்கவில்லை. மற்ற நிறுவனங்களும் போட்டிக்கு இதே மாதிரி கொழுத்த எழுத்துகளை இறக்கின. 1925இல் ஃபிரெடெரிக் கவுடி வரைந்த கவுடி ஹெவிஃபேஸ் அப்படி வந்ததுதான். அந்தக் கவுடியிடம்தான் கூப்பர் இளம் வயதில் எழுத்துக்கலை படித்திருந்தார்.

இரண்டாவது அலை 1960களிலும் 70களிலும் வந்தது. லெட்ராசெட் என்று தாளில் தேய்த்து ஒட்டும் எழுத்துகள் பரவிய காலம் அது. ஈய எழுத்தும் அச்சகமும் இல்லாமலே யார் வேண்டுமானாலும் மேசையில் உட்கார்ந்து தலைப்புப் போடலாம் என்று ஆனபோது, கூப்பர் பிளாக் இசைத்தட்டு உறையிலும் கடைப் போர்டிலும் டீ-ஷர்ட்டிலும் ஏறியது. மாமாவின் கண்ணுக்குத் தெரியும் பழைய வாடை இந்த 70களின் வாடைதான். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் 1995இல் தொடங்கிய ஈஸிஜெட் விமான நிறுவனம் தன் பெயரை இதே எழுத்தில் ஆரஞ்சு நிறத்தில்தான் எழுதியது. நூறு வயது தாண்டிய எழுத்து இன்னும் புழக்கத்தில் இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் அதன் உடம்பில் இருக்கிறது. தலைமுறைகளாகச் சேலை விற்கும் கடைக்குக் கொஞ்சம் பழைய சாயல் இருப்பது பலம் என்றுதான் நான் நினைக்கிறேன். செல்போன் கடை என்றால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

உடம்பு என்றேனே, அதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். திரையில் ஒரு எழுத்தை ஒரு சாண் உயரத்துக்குப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். செரிஃப் என்பது கோட்டின் முனையில் வரும் சின்னக் கட்டை. மற்ற செரிஃப் எழுத்துகளில் அந்தக் கட்டை கத்தி மாதிரியோ செங்கல் மாதிரியோ கூர்மையாக முடியும். கூப்பர் பிளாக்கில் கூர்முனை என்று ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது. முனைகள் எல்லாம் உருண்டு, வீங்கி, கோட்டோடு கரைந்திருக்கும். அடிப்பக்கமும் தட்டையில்லை, லேசாகக் கீழே வளைந்திருக்கும். அதனால் எழுத்து கோட்டில் விறைப்பாக நிற்காமல் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆங்கில 'ஓ'வின் உள்ளே இருக்கும் ஓட்டையைப் பாருங்கள்: சின்னது, நீள்வட்டம், பின்பக்கமாகச் சாய்ந்தது. சின்ன 'ஐ'யின் மேல் புள்ளியும் வட்டமில்லை, அதுவும் சாய்ந்த நீள்வட்டம். சின்ன எழுத்துகளின் உடல் உயரமாகவும், கோட்டுக்குக் கீழே தொங்கும் வால்கள் குட்டையாகவும் இருக்கும். இரண்டு வரிகளை நெருக்கமாக அடுக்க முடிவது இதனால்தான்.

இன்னொரு குணம், தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் வித்தியாசம் குறைவு. போர்டு செய்கிறவருக்கு இது பெரிய விஷயம். தடித்த அலங்கார செரிஃப் என்று தேடினால் இன்னொரு வகையும் கண்ணில் படும், ஃபேட் ஃபேஸ் என்பார்கள். 1800களின் தொடக்கத்தில் லண்டனில் ராபர்ட் தோர்ன் போன்ற வார்ப்பாளர்கள் விளம்பரத் தாள்களுக்கும் லாட்டரி நோட்டீஸ்களுக்கும் செய்தவை. அவற்றில் ஒரு கோடு விரல் தடிமன் இருந்தால் அடுத்த கோடு மயிரிழை. கையில் வைத்துப் பார்க்க அவ்வளவு அழகு. 80 அடி தூரத்தில் மயிரிழை மறைந்துபோய், எழுத்து வெறும் கறுப்புத் துண்டுகளாகச் சிதறித் தெரியும். ஸ்டிக்கர் கட்டிங்கில் அந்த மெல்லிய கோடு வெயிலில் சுருண்டு உரிந்துவரும். எல்இடி எழுத்தாகச் செய்தால் அந்தக் கோட்டுக்குள் விளக்கு மாட்யூல் வைக்க இடமே இருக்காது.

கூப்பர் பிளாக்கில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஈய எழுத்துக் காலத்தில் மை பரவினால் கூர்மையான எழுத்துகள் மழுங்கிப்போகும்; இதில் மழுங்க ஏதும் இல்லை, பிறக்கும்போதே மழுங்கியது. ஃப்ளெக்ஸுக்கும் துணிக்கும் அதே குணம் இப்போது கைகொடுக்கிறது. அக்ரிலிக்கையோ அலுமினியம் ஒட்டிய ஏசிபி ஷீட்டையோ ரவுட்டர் என்ற வெட்டும் இயந்திரத்தில் வெட்டும்போது சுழலும் பிட்டால் உள்மூலையைக் கூராக வெட்ட முடியாது, உருண்டுதான் வரும். கூப்பர் பிளாக்கில் மூலையே உருண்டைதான் என்பதால் திரையில் பார்த்த எழுத்தும் சுவரில் ஏறிய எழுத்தும் ஒன்றாகவே இருக்கும்.

அதன் பலவீனம் உள் ஓட்டைகள். ஆங்கிலச் சின்ன 'ஈ' (e), 'ஏ' (a) ஆகிய எழுத்துகளுக்குள் வெளிச்சம் போக இருப்பது ஒரு கீற்றுதான். தூரத்திலும் இரவிலும் முதலில் அடைபடுவது அதுதான். முகப்பு ஒளிரும் எல்இடி எழுத்தில் வெளிச்சம் ஓரங்களில் பரவும். பகலில் படிக்க முடிந்த பெயர் ராத்திரியில் கட்டிகளாகத் தெரியும். எழுத்துகளுக்கு இடையே பகல் போர்டுக்கு வைப்பதைவிடக் கூடுதல் இடைவெளி விடுங்கள். அல்லது முகப்பை ஒளிரவிடாமல், பின்னால் விளக்கு வைத்துச் சுவரில் வெளிச்சம் விழும்படி செய்யச் சொல்லுங்கள். இந்த எழுத்துக்கு அது மிகவும் பொருந்தும், கறுப்பு உருவம் முழுசாக நிற்கும்.

அளவுக்குப் போர்டுத் தொழிலில் ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு: 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம். எதிர்ச்சாரியில் பஸ்ஸில் போகிறவர் 80 அடி தள்ளி இருக்கிறார் என்றால் 8 அங்குலம். இந்த 8 அங்குலத்தைப் பெரிய எழுத்தின் உயரமாக எடுக்காதீர்கள், சின்ன எழுத்தின் உடல் உயரமாக எடுங்கள். பெயர் முழுவதையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் போடவே வேண்டாம். கூப்பர் பிளாக்கின் பெரிய எழுத்துகள் வரிசையாக நின்றால் இடித்துக்கொண்டு நிற்கும் கூட்டமாகிவிடும். முதல் எழுத்து பெரியது, மற்றவை சின்னது என்று வைத்தால்தான் அதன் அழகு வெளியே வரும்.

இனி தமிழ்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின்படி பெயர்ப்பலகையில் தமிழ்தான் முதன்மையாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்று 5:3:2 விகிதம் என்பது போர்டு செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. பல டிசைனர்கள் இதைத் தலைவலியாகப் பார்க்கிறார்கள். ஆங்கிலத்தில் லோகோ செய்துவிட்டு, கடைசியில் சட்டத்துக்காகத் தமிழை மேலே கொண்டுபோய் ஒட்டுகிறார்கள். மதுரையில் எந்த வீதியில் நடந்தாலும் இப்படி ஒட்டிய போர்டுகளைப் பார்க்கலாம். ஆங்கிலத்துக்கு ஒரு முகம் இருக்கும், தமிழ் கணினியில் கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு எழுத்தில் இருக்கும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். கடைக்கு வருகிற அம்மாக்கள் படிக்கப்போவது தமிழ்ப் பெயரைத்தானே.

உண்மையில் அந்த 5:3 உங்களுக்கு உதவிதான் செய்கிறது. எப்படி என்று பாருங்கள். கூப்பர் பிளாக் தன் உயரத்துக்கு மிகவும் தடித்த எழுத்து. அதே உயரத்தில் தமிழைப் பக்கத்தில் வைத்து, அதே கறுப்பைத் தமிழிலும் கொண்டுவரப் பார்த்தால் தமிழ் எழுத்தின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். ஆனால் ஆங்கிலம் தமிழில் ஐந்தில் மூன்று பங்குதான் என்றால், அதன் கோட்டுத் தடிமனும் அதே அளவுக்குக் குறைந்துவிடும். அப்போது தமிழை அதன் மிகத் தடித்த வடிவத்தில் போட வேண்டியதில்லை. அதற்கு ஒரு படி கீழே, செமிபோல்டு அல்லது போல்டில் வைத்தாலே இரண்டு மொழியின் கோடுகளும் ஏறக்குறைய ஒரே தடிமனில் வந்து நிற்கும். தமிழ் பெரிதாக, சுழிகள் திறந்து, மூச்சுவிட்டு நிற்கும். ஆங்கிலம் சின்னதாக, கறுப்பாக, கீழே அடித்தளம் மாதிரி உட்காரும். அளவுகோலை வைத்துப் பார்ப்பதானால் எழுத்தின் உயரத்தை விட்டுவிட்டுக் கோட்டின் தடிமனை அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள்.

சுழி அடைபடுவது சின்ன விஷயம் இல்லை. ஆங்கில 'ஈ'யின் ஓட்டை அடைத்தாலும் அது 'ஈ' என்று ஊகித்துவிடலாம். தமிழில் ஒரு சுழி போனால் எழுத்தே மாறிவிடும். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சுழிதான். உங்கள் போர்டிலேயே வரும் 'சேலை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் பிரிப்பது மேலே வரும் அந்தச் சின்னச் சுழி. அது அடைந்தால் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு 'செலை' என்று தெரியும். அடுத்து 'லை'யின் இரண்டு சுழிகள், அவையும் நெருக்கமானவை. 'சுங்குடி'யில் 'கு'வின் வயிறு, 'டி'யின் மேல் கொக்கி, 'ங்'கின் புள்ளி என்று கவனிக்க வேண்டிய இடம் மூன்று. 'மீனாட்சி' என்ற பெயர் போர்டில் இருந்தால் 'மீ'யின் சுழி அடைத்து 'மி' ஆகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தத் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தாலும் 'சுங்குடிச் சேலை' என்ற இரண்டு சொல்லை அடித்து, பிரின்ட் எடுத்து, கைநீட்டத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். அந்தச் சுழிகள் திறந்திருந்தால் எழுத்து தேறியது.

அடுத்து டிசைனர் அனேகமாகச் சொல்லப்போவது, "ஆங்கிலத்தில் செரிஃப் இருக்கிறதே, தமிழிலும் செரிஃப் உள்ள எழுத்துப் போட்டால் ஜோடி சேரும்" என்று. டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) கடைக்காரர்கள் வைத்திருக்கும் எழுத்துரு மூட்டைகளில் தமிழ் எழுத்தின் முனைகளில் ஆங்கிலக் கட்டையை ஒட்ட வைத்த எழுத்துருக்கள் கிடைக்கும். அவற்றைத் தொடவே வேண்டாம். ரோமன் எழுத்தின் முனைக்கட்டை அந்த எழுத்து பிறந்த விதத்தில் வந்தது. ரோமாபுரியில் 113ஆம் ஆண்டு எழுப்பிய டிராஜன் தூணின் கல்வெட்டு எழுத்துகளை ஆராய்ந்த எட்வர்ட் கேட்டிச், முதலில் பட்டைத் தூரிகையால் கல்லில் எழுதி அந்தத் தடத்தின் மேல் உளி வைத்ததால்தான் அந்த முனைகள் வந்தன என்று 1968இல் விரிவாக எழுதினார். நம் எழுத்து வந்த வழி வேறு. ஓலையில் எழுத்தாணியால் கீறும்போது கோடு ஒரே தடிமனில்தான் ஓடும், முனையில் கட்டை வைக்க வேலையே இல்லை. அழகு முழுக்க வளைவில்தான்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஒத்தக்கடை வரைக்கும் போனால் போதும். யானைமலை அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரையில் 770ஆம் ஆண்டைச் சேர்ந்த பாண்டியர் கால எழுத்து இருக்கிறது. வடமொழிப் பகுதியைக் கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதியை வட்டெழுத்திலும் வெட்டியிருக்கிறார்கள். வட்டெழுத்து இன்று நாம் எழுதும் எழுத்து இல்லை, படிக்கப் பழக்கம் வேண்டும். ஆனால் படிக்கத் தெரியாமலே அந்த வளைவுகளைப் பாருங்கள். கட்டை ஒட்டாமலே எழுத்துக்கு எவ்வளவு உறுதி வருகிறது என்பது தெரியும். ஒரே குடைவரையில் இரண்டு எழுத்து முறைகள், எதுவும் இன்னொன்றின் வேஷத்தைப் போட்டுக்கொள்ளவில்லை. உங்கள் போர்டுக்கும் நான் கேட்பது அதுதான். கூப்பர் பிளாக்கோடு தமிழ் சேர வேண்டிய இடம் செரிஃப் இல்லை. கறுப்பின் அளவும் முனையின் மென்மையும் சேர்ந்தால் போதும், ஜோடி அமைந்துவிடும்.

அப்படிப் பார்த்தால் என் முதல் தேர்வு பலூ தம்பி என்ற தமிழ் எழுத்துரு. மும்பையின் எக் டைப் என்ற எழுத்துரு நிறுவனம் செய்தது, இலவசமாகக் கிடைக்கிறது. முனைகள் உருண்டவை, வளைவு நிறைவானது. முதல் பதிப்பு ஒரே ஒரு தடித்த வடிவத்தில் வந்தது. பலூ தம்பி 2 என்ற அடுத்த பதிப்பில் சாதாரண தடிமனிலிருந்து மிகத் தடித்தது வரை இருப்பதால், மேலே சொன்ன ஐந்துக்கு மூன்று கணக்கைத் துல்லியமாகச் சரிசெய்துகொள்ளலாம். காயினி என்ற எழுத்தும் உருண்டையானதுதான், ஆனால் அது ஒரே தடிமன். விளையாட்டுத்தனம் கூடுதல், குழந்தைகள் துணிக்கடைக்கு நன்றாக இருக்கும்.

நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய இரண்டு எழுத்துருக்கள் இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஒன்று ஹிந்த் மதுரை. இந்தியன் டைப் ஃபவுண்ட்ரி தன் ஹிந்த் குடும்பத்தில் ஒவ்வொரு எழுத்து முறைக்கும் ஒரு ஊர்ப் பெயரை வைத்தது, தெலுங்குக்குக் குண்டூர், வங்காளத்துக்குச் சிலிகுரி, தமிழுக்கு மதுரை. இன்னொன்று அரிமா மதுரை, நடனேல் காமாவும் ஜோவானா கொரையாவும் வரைந்தது. பெயருக்காக போர்டில் போட ஆசை வரும். ஹிந்த் மதுரை சுத்தமான, நேரான எழுத்து. கூப்பர் பிளாக் பக்கத்தில் அலுவலகக் கடிதம் மாதிரி நிற்கும். ஆனால் விலைச்சீட்டுக்கும் சலவைக் குறிப்புக்கும் அதைவிட நல்லது கிடைப்பது கஷ்டம், அதற்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள். அரிமாவின் முனைகள் மென்மையானவை, நடை நளினமானது. அதன் இடம் அழைப்பிதழ். நோட்டோ செரிஃப் தமிழில் தடிமன் ஒன்பது படிகளில் இருக்கிறது, ஆனால் அது தடித்த கோடு, மெல்லிய கோடு வித்தியாசம் காட்டும் எழுத்து. ஃபேட் ஃபேஸ் வகைக்குத்தான் ஜோடி, கூப்பருக்கு இல்லை.

தமிழின் உயரத்தை எப்படி வைப்பது என்றால், 'ச', 'ட', 'ப' போன்ற எழுத்தின் உடலை ஆங்கிலச் சின்ன எழுத்தின் உடலோடு ஒப்பிடுங்கள். மேலே ஏறும் கொக்கியையும் கீழே இறங்கும் கீழ் விலங்கையும் கணக்கில் சேர்க்க வேண்டாம், ஆனால் அவற்றுக்கு மேலேயும் கீழேயும் இடம் விடுங்கள். 'சுங்குடி'யில் இரண்டு எழுத்து கீழே இறங்குகிறது, ஒன்று மேலே ஏறுகிறது. ஆங்கில வரியைக் கூப்பர் பிளாக்கின் பழக்கத்துக்கு நெருக்கி வைத்தால் 'கு'வின் கால் ஆங்கிலத்தின் தலையில் இடிக்கும்.

போர்டிலிருந்து பைக்கு வருவோம். மஞ்சள் துணிப்பையில் ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் கூப்பர் பிளாக்குக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. துணியின் இழை கரடுமுரடு, மை கொஞ்சம் பரவும், மெல்லிய கோடு உடையும்; தடித்து உருண்ட எழுத்து இதையெல்லாம் தாங்கிக்கொள்ளும். ஒரே நிறத்தில், அரக்கு சிவப்பிலோ கரும்பச்சையிலோ, பெரிதாக அடியுங்கள். பையில் ஒரு விளையாட்டும் செய்யலாம்: 'ங்'கின் புள்ளியை முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த சுங்குடிப் புள்ளியாக, நடுவில் வெள்ளை தெரியும்படி வைக்கலாம். கையில் பிடித்துப் பார்க்கிற பொருளில் அது ரசிக்கும்படி இருக்கும். போர்டில் வேண்டாம். 80 அடியில் அந்த வெள்ளை தெரியாது, புள்ளியே மங்கி 'சுஙகுடி' ஆகிவிடும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். காதணி விழா பேனர்களில் செய்கிற மாதிரி எழுத்தைச் சுற்றி வெள்ளை அவுட்லைன், அதைச் சுற்றிக் கறுப்பு, அதைச் சுற்றி மஞ்சள் என்று மூன்று சுற்றுப் போட விடாதீர்கள். விழா பேனருக்கு அந்தக் கொண்டாட்டம் சரி, பின்னால் பத்துப் பேர் படம் இருக்கும், எழுத்து துருத்திக்கொண்டு தெரிந்தாக வேண்டும். கூப்பர் பிளாக் ஏற்கெனவே தன் எல்லை வரை கொழுத்த எழுத்து. அதற்கு அவுட்லைன் போட்டால் உள் ஓட்டையும் வெளி இடைவெளியும் ஒன்றாக அடைபடும். நிழல் கட்டாயம் வேண்டுமென்றால் கீழே வலப்பக்கம் ஒரே நிறத்தில் ஒரு நிழல், அவ்வளவுதான். இடம் பத்தவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்குவதும் கூடாது. தமிழ்ப் பெயர் நீளமானால் இரண்டு வரியாக்குங்கள்.

விலைச்சீட்டு, சலவைக் குறிப்பு, பில் புத்தகம் மூன்றிலும் கூப்பர் பிளாக் பெயருக்கு மட்டும். "முதல் முறை தனியாகத் துவைக்கவும்" என்ற வரியை ஒரு சீட்டில் கூப்பர் பிளாக்கில் அடித்தால் அது மசிக் கறைதான். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் சீட்டில் சொல்வதாக இருந்தால் அந்த வரியும் ஹிந்த் மதுரை மாதிரி தெளிந்த எழுத்தில் வரட்டும். விலை போடும்போது இன்னொன்றைப் பாருங்கள். ₹ குறி 2010இல்தான் வந்தது. அதற்கு முந்தைய எழுத்துருக் கோப்புகளில் அந்தக் குறி இருக்காது. வேறு எழுத்திலிருந்து மெலிந்த ₹ வந்து கொழுத்த எண்களுக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும். விலை எண்களையும் ஹிந்த் மதுரையிலேயே போட்டுவிட்டால் இந்தப் பிரச்சினை எழாது.

திறப்பு விழா அழைப்பிதழ் வேறு உலகம். அது கையில் எடுத்து, கிட்டத்தில் வைத்துப் படிப்பது. கூப்பர் பிளாக் அங்கே கொஞ்சம் சத்தமாகப் பேசும். தங்க ஃபாயில் வைக்கும் யோசனை இருந்தால், மேலே குறை சொன்ன ஃபேட் ஃபேஸ் அங்கேதான் ஜொலிக்கும். அப்ரில் ஃபேட்ஃபேஸ் இலவசமாகக் கிடைக்கிறது, கடைப் பெயரை மட்டும் பெரிதாக அதில் வைத்து, மற்றதை எளிய எழுத்தில் கொடுங்கள். மெல்லிய கோடு ஃபாயிலில் விட்டுப்போகாத அளவுக்குப் பெரிதாக வைக்கச் சொல்லி, முதலில் ஒரு மாதிரி அடித்துப் பாருங்கள். கடையின் முகம் போர்டிலும் பையிலும் ஒன்றாக இருந்தால் போதும், அழைப்பிதழ் ஒரு நாள் பொருள். மாமாவுக்கு விருப்பமான பாணியை அதில் வைக்கலாம்.

கூப்பர் பிளாக் கொஞ்சம் அதிகம் என்று குடும்பத்தில் பேச்சு வந்தால் நடுவழி ஒன்று இருக்கிறது. ஃப்ரான்சஸ் என்ற இலவச எழுத்துரு, விண்ட்ஸர், சோவனீர், கூப்பர் மூன்றின் சாயலையும் எடுத்துச் செய்தது. தடிமனையும் முனையின் மென்மையையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். நல்ல தடிமனில், மென்மையைக் கூட்டி வைத்தால் கூப்பரின் குடும்பக் களை இருக்கும், உள் ஓட்டைகளும் இன்னும் திறந்திருக்கும். இரவில் முகப்பு ஒளிரும் எழுத்துதான் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால் இதையே முதலில் பரிந்துரைப்பேன்.

உரிமம் பற்றியும் கேட்டுவிடுங்கள். கூப்பர் பிளாக் விலைக்கு விற்கும் எழுத்துரு. எம்எஸ் ஆஃபீஸோடு வருகிறதே என்று எடுத்து லோகோவில் போடுவதற்கு முன்னால் டிசைனரிடம் எந்த உரிமத்தில் பயன்படுத்துகிறார் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பலூ, ஹிந்த், அரிமா, ஃப்ரான்சஸ், அப்ரில் எல்லாம் திறந்த உரிமத்தில் வருபவை. போர்டு, பை, சீட்டு எதில் வேண்டுமானாலும் கட்டணம் இல்லாமல் போடலாம்.

கடைசியாக, போர்டு செய்கிற இடத்தில் பழைய கோரல் டிரா மென்பொருள் இருந்தால் யூனிகோட் தமிழ் அதில் சரியாக உட்காராது. கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போகும், 'சேலை' கலைந்துவிடும். அவர் உடனே தன்னிடம் இருக்கும் பழைய எழுத்துருவில் திருப்பி அடித்துவிடுவார், நீங்கள் தேர்ந்தெடுத்தது காற்றில் போய்விடும். அதனால் டிசைனரிடமிருந்து இரண்டு கோப்பு வாங்குங்கள். ஒன்று, எழுத்துகளைக் கர்வ்ஸ், அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவம், ஆக்கிய கோப்பு, போர்டுக்காரருக்கும் பைக்காரருக்கும் இதை மட்டும் கொடுங்கள். இன்னொன்று, எழுத்து எழுத்தாகவே இருக்கும் மூலக் கோப்பு, அது உங்களிடம் இருக்கட்டும். பலகை வெட்டுவதற்கு முன்னால் அந்தக் கர்வ்ஸ் கோப்பை உண்மை அளவில் சாதாத் தாளில் பிரின்ட் எடுத்து, கடை முகப்பில் ஒட்டி, பகலில் ஒரு தடவை, தெருவிளக்கு எரியும் நேரத்தில் ஒரு தடவை எதிர்ச்சாரியில் நின்று படித்துப் பாருங்கள். இரட்டைக் கொம்பின் சுழி தெரியவில்லை என்றால் தமிழின் தடிமனை ஒரு படி குறைக்கச் சொல்லுங்கள், ஆங்கிலத்தைத் தொட வேண்டாம்.